கடைசி வரியில் இருந்த வீடு

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருள் திடீரென்று நின்றுபோனால் நீங்கள் முதலில் யாரைச் சந்தேகிப்பீர்கள், ஐயா? மின்விசிறி என்றால் கரண்ட்டை. சைக்கிள் என்றால் செயினை. கடைசியாக அதைத் தொட்டவனைச் சந்தேகிக்க வேண்டும் என்று நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை. எனக்கு அதுதான் முதலில் தோன்றும். என் தொழில் அப்படி.

நேற்று நீங்கள் விசாரணைக்காக என் அறைக்கு வந்தீர்கள். அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் சர்வரின் லாகை எடுத்து என்னிடமே நீட்டி, "இதைக் கொஞ்சம் படிச்சு என்ன ஆச்சுன்னு எழுதிக் குடுங்க, எங்க ஆளுங்களுக்கு ஒண்ணும் புரியலை" என்றீர்கள். புரியாவிட்டால் 'புரோகிராம் விழுந்த காரணம் தெரியவில்லை' என்று போட்டு, அதை எழுதியவருடைய கவனக்குறைவு என்று முடித்துவிடப் போவதாகவும் சொன்னீர்கள். நீங்கள் போன பிறகும் அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் தெரியவில்லை. என் சர்வரில் காரணம் தெரியாமல் எதுவும் விழுந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம்.

லாக் என்பது பெரிய விஷயமில்லை. யூனிக்ஸ் சர்வர், அதாவது கம்பெனி வேலையெல்லாம் ஓடும் பொதுக் கம்ப்யூட்டர், தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வது. இப்போது இது வந்தது, இப்போது இதைச் செய்தேன், இப்போது இது முடியவில்லை என்று வரி வரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். யாரும் காது கொடுப்பதில்லை. நான் கொடுப்பேன். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த புத்தகங்களை வைத்து நானே கற்றுக்கொண்டது. ஊரிலிருந்து அம்மா போன் செய்து, "நாள் முழுக்க யாருகூடடா பேசுற?" என்று கேட்டால், "மெஷின்கூட" என்பேன். "அது பதில் சொல்லுமா?" என்பாள். சொல்லும் என்பேன். அவள் நம்பியதில்லை.

எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அறிக்கையில் வரிசையாக வரட்டும். தனியாக வசிக்கும் வயதானவர்கள் கழுத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக்கொள்கிறார்கள். அதில் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் எங்கள் சர்வருக்கு வீட்டு எண் வரும். அங்கே ஓடும் புரோகிராம் அந்த எண்ணுக்குரிய விலாசத்தை எடுத்து மாடியில் இருப்பவர்களின் திரையில் காட்டும். அவர்கள் பேசுவார்கள், அல்லது ஆள் அனுப்புவார்கள். திரையில் வந்துவிட்டால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். எரியாவிட்டால் மறுபடி அழுத்த வேண்டும். ஒரு தடவை அழுத்தினால் லாகில் ஒரு வரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தப் புரோகிராமுக்கு மாடியில் 'காவல்காரன்' என்று பெயர். அதை எழுதியவருக்கு 'லாஜிக் சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "லாஜிக் என்னன்னா" என்று ஆரம்பிப்பார். மதிய ஷிஃப்ட்டுக்கு மேற்பார்வையாளராக இருந்தவளை எல்லோரும் அக்கா என்பார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. நான் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

காவல்காரன் முதன்முதலில் விழுந்தபோது, அதாவது ஓடாமல் நின்றுபோனபோது, நான் ஒன்றும் செய்யவில்லை. அது தானாகவே விழுந்தது. விழுந்தால் உடனே எழுப்பிவிட ஒரு குட்டி புரோகிராம் உண்டு, அதனால் எழுந்துவிட்டது. ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். காவல்காரன் விழுந்தால் மேற்பார்வையாளர் சர்வர் அறைக்கு இறங்கி வந்து, காரணம் தெரியும்வரை கூடவே உட்கார்ந்திருந்து, தெரிந்த பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அப்படித்தான் அக்கா முதல் தடவை வந்தாள். இரண்டு கோப்பை டீயோடு வந்தாள்.

"என்ன டாக்டர், பேஷண்ட் எப்படி இருக்காரு?"

அதற்கு முன் யாரும் என்னை டாக்டர் என்றதில்லை. "மூச்சு இருக்கு" என்றேன்.

"அப்ப அவசரமில்லை. டீ ஆறிடும், முதல்ல குடிங்க."

என் அறை கீழ்த்தளத்தில் கடைசி. ஜன்னல் இல்லை. ஏசிச் சத்தம் மட்டும்தான். அன்று அவள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். நான் லாகை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று தடவை விழுந்திருந்தது, மூன்று தடவையும் விழுவதற்கு முன்னால் கடைசி வரியில் ஒரே வீட்டு எண். அந்த எண்ணின் விலாசத்தை எடுத்துப் பார்த்தோம். பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"ஐயோ, இது நம்ம மழைத் தாத்தா."

மழைத் தாத்தா லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மதியம் தூங்கி எழுந்ததும் பொத்தானை அழுத்தி, "இன்னைக்கு மழை வருமாம்மா?" என்று கேட்பார். ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்தான். பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான். முந்தின நாள்தான் விலாசத்தை அவரே விவரமாகத் திரும்பச் சொல்லி எழுதவைத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இஸ்திரி கடையில் கேட்டால் சொல்வார்கள், பச்சைக் கேட், இறுகியிருக்கும், தூக்கித் தள்ளவும், மூன்றாவது மாடி, லிஃப்ட்டை நம்ப வேண்டாம், மணி அடிக்காது, கதவைத் தட்டவும், சாவி எதிர்வீட்டு அம்மாவிடம். வருகிற ஆள் வழி தெரியாமல் திண்டாடக் கூடாதே என்று அவ்வளவு பொறுப்பாகச் சொல்லியிருந்தார். லாஜிக் சார் ஒரு விலாசத்துக்கு இவ்வளவு இடம் போதும் என்று மெமரியில் ஒதுக்கியிருந்ததற்கு அது அடங்கவில்லை. வழிந்து, தொடக் கூடாத இடத்தில் போய் விழுந்தது. அப்படி விழுந்தால் சர்வரின் கர்னல், எல்லாப் புரோகிராமையும் மேய்க்கிற அதன் மையப் பகுதி, அந்தப் புரோகிராமை அந்த இடத்திலேயே கொன்றுவிடும். சிக்னல் பதினொன்று என்பார்கள்.

"கண்டுபிடிச்சுட்டீங்களே டாக்டர். கை ராசிதான்" என்று சொல்லிவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள். லாஜிக் சார் இடத்தைப் பெரிதாக்கிப் புதிய காவல்காரனைக் கொடுத்தார். பழையதை நான் பெயர் மாற்றி ஓர் ஓரத்தில் வைத்தேன். எங்கள் தொழிலில் பழையதை யாரும் அழிப்பதில்லை. புதியது சரிப்படாவிட்டால் திரும்பப் போக ஒரு வழி வேண்டும்.

புதியது சரிப்பட்டது. விழவே இல்லை. அக்கா வரவும் இல்லை. படிக்கட்டில் பார்த்தால், "என்ன டாக்டர், பேஷண்ட்டே இல்லாம கடையை மூடிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போய்விடுவாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். யூனிக்ஸில் ஒரு புரோகிராமுக்கு வெளியிலிருந்தும் சிக்னல் அனுப்பலாம். அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. பதினொன்றை அனுப்பினால், வழுக்கி விழுந்த மாதிரியே விழும். லாகிலும் அப்படித்தான் எழுதும். உடனே எழுந்தும் விடும். கண் சிமிட்டும் நேரம்தான், யாருக்கும் நஷ்டமில்லை. நான் அதை மதிய ஷிஃப்ட்டில் அனுப்பினேன். டீ வந்தது.

அவள் மகளின் பரீட்சையைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய ஷூ கடிப்பதைப் பற்றிச் சொன்னாள். நான் லாகை மெதுவாக, ஒவ்வொரு வரியாக நகர்த்தினேன். அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, எனக்குத்தான் தெரியுமே. ஆனால் தேடுகிறவனைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. கடைசியில் மெமரி என்றோ லோடு என்றோ ஏதாவது சொல்வேன். அவள் கையெழுத்துப் போடுவாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அவள் கையைக்கூடத் தொட்டதில்லை. இடையிடையே விழுந்ததால் மாடியில் எல்லோரும் கவனமாக இருந்தார்கள் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லாஜிக் சார்தான் கெடுத்தார். ஒவ்வொரு தடவை விழும்போதும் மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் காய்ச்சியிருக்கிறார். இன்னொரு தடவை விழுந்தால் வேலை இல்லை என்று சொல்லியும் விட்டாராம். ஒரு நாள் காலை அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ஒண்ணு கேக்கணும். என் புரோகிராம் எதுக்கு அக்கா ஷிஃப்ட்லயே விழுது? அக்கா மேல அதுக்கு அவ்வளவு பாசமா?"

"மதியம் லோடு அதிகம் சார்."

"லோடு காலையிலதான் அதிகம். காலையில ஒரு தடவைகூட விழலையே."

அவர் என் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"லாஜிக் என்னன்னா, சிக்னல் பதினொண்ணுன்னு புரோகிராமோட லாக் சொல்லுது. சரி. தொடக் கூடாத இடத்தைத் தொட்டிருந்தா கர்னல் கையும் களவுமா பிடிச்சிருக்கும். பிடிச்சா அதோட லாகுல ஒரு வரி எழுதும். அந்தத் தாத்தா விலாசத்துல விழுந்தப்ப எழுதியிருக்கு பாருங்க. அப்புறம் விழுந்ததுக்கு ஒரு வரிகூட இல்லை. கர்னல் கண்ணுக்குத் தெரியாம எப்படி விழும்?"

"நீங்களே சொல்லுங்க சார்."

"தானா விழலை. யாரோ வெளியிலேர்ந்து தள்ளியிருக்காங்க. சர்வர்ல எதை வேணா செய்ய விடுற ரூட் பாஸ்வேர்டு யார்கிட்டல்லாம் இருக்கு?"

"உங்ககிட்ட. என்கிட்ட."

"நான் தள்ளலைன்னு எனக்குத் தெரியும்" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. இந்த வேலை போச்சுன்னா நான் நடுத்தெருவுலதான். இன்னைக்குச் சாயங்காலம் மேனேஜர்கிட்ட இதைக் காட்டப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்களா ஏதாவது சொல்றதா இருந்தா சொல்லிடுங்க."

"சொல்ல ஒண்ணுமில்லை சார்."

அவர் சொன்னது சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல கவனிப்பு. நான் அதை யோசித்திருக்க வேண்டும். தள்ளிவிட்டதற்கும் வழுக்கி விழுந்ததற்கும் உள்ள வித்தியாசம் கர்னலுக்குத் தெரியும். அதை ஏமாற்ற முடியாது. ஆகவே அது உண்மையாகவே விழ வேண்டும். ஒரே ஒரு தடவை, கர்னல் கண் முன்னால் விழுந்துவிட்டால் அவர் வாதம் முழுவதும் உடைந்துபோகும்.

உண்மையாக விழக்கூடிய காவல்காரன் என்னிடம் இருந்தது. ஓரத்தில் வைத்திருந்த பழையது. அதை எடுத்துப் புதியதன் இடத்தில் வைத்தேன். மற்ற எல்லா வீட்டுக்கும் அது ஒழுங்காகவே வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒருவர் அழுத்தினால் மட்டும்தான் விழும். அவர் எப்படியும் மதியம் தூங்கி எழுந்து மழையைப் பற்றிக் கேட்கத்தான் அழுத்துவார். ஒரு நாள் மழையைப் பற்றிக் கேட்காவிட்டால் என்ன ஆகிவிடும்? அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அது நியாயமான கணக்கு என்றே படுகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போனபோது வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை, வெளுத்துக் கிடந்தது. மழையைப் பற்றிக் கேட்க அன்று ஒரு முகாந்திரமும் இல்லை. அதை நான் கவனித்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கேட்கக் கூடாது.

நான் திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் விழுந்தது. அவர் வழக்கமாக அழுத்தும் நேரத்துக்கு முன்பே. எழுந்தது. மறுபடி விழுந்தது. அக்கா இறங்கி வந்தாள். அன்று கையில் டீ இல்லை. யாரிடமோ சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், பின்னாலேயே வந்தது.

"என்ன டாக்டர், இன்னைக்கு ரொம்பப் படுத்துறாரு? மேல திரை அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

"பாத்துட்டேன். உக்காருங்க" என்றேன்.

திரையில் இரண்டு லாகையும் திறந்து வைத்திருந்தேன். காவல்காரனின் லாகில் வீட்டு எண் இருக்கும். கர்னலின் லாகில் இருக்காது, வெறும் மெமரி எண்கள்தான். அக்கா உட்காருவதற்குள் காவல்காரனின் லாகைக் கீழே இறக்கி, கர்னலின் லாகை முன்னால் கொண்டுவந்தேன். ஒரு வரி வந்தது. பிறகு இன்னொன்று. விழுந்து எழும் இடைவெளியில் மற்ற வீட்டு அழைப்புகள் மாடிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

"இதோ, இதுதான்" என்று விரலை வைத்துக் காட்டினேன். "தானாவேதான் விழுது. கர்னலே சொல்லுது. யாரும் தள்ளலை."

"தள்ளுனாங்கன்னு யாரு சொன்னா?"

"லாஜிக் சார் அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. நான் தள்றேன்னு."

அவள் டீயைக் கீழே வைத்தாள். "அவரு எழுதுனது ஓட்டையா இருந்தா அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? மனுஷனுக்கு மனசாட்சியே கிடையாதா?" அவள் எனக்காகக் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. திரையில் இன்னொரு வரி வந்தது. முந்தைய வரிகள் அடுத்தடுத்து வந்தவை. இது கொஞ்சம் இடைவெளி விட்டு வந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு லாஜிக் சார் வந்தார். மாடியிலிருந்து ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. குனிந்து திரையைப் பார்த்தார்.

"இது நான் சரி பண்ணினதாச்சே. அதே இடம். அதே விழுதல்." என்னைப் பார்த்தார். "புரோகிராமோட லாகைக் காட்டுங்க. கடைசி வரியைக் காட்டுங்க. எந்த வீடு?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"என்னத்தைப் பாக்குறீங்க? கடைசி வரியில இருக்கும். எந்த வீடு, அதை மட்டும் சொல்லுங்க."

அவர் விசைப்பலகைக்குக் கையை நீட்டினார். அக்கா எழுந்து நடுவில் நின்றாள்.

"சார், போதும். உங்க ஓட்டையை அடைக்கத்தான் இவரு இவ்வளவு நேரமா உக்காந்திருக்காரு. மனுஷனை வேலை செய்ய விடுங்க. நீங்க மேல போய் மேனேஜருக்குப் பதில் சொல்லுங்க."

"அக்கா, எந்த வீடுன்னு மட்டும் கேளுங்க. அது போதும்."

"போங்க சார்."

அவர் போய்விட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த அறையில் அன்று கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். பதில் எனக்குத் தெரியும். ஒரு எண்ணைச் சொன்னால் போதும், அக்கா அங்கிருந்தே போன் செய்து ஆளை அனுப்பியிருப்பாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பச்சைக் கேட், தூக்கித் தள்ளவும். ஆனால் அந்த எண்ணைச் சொன்னால், சரி செய்த வீடு மறுபடி எப்படி விழுந்தது, எந்தக் காவல்காரன் ஓடுகிறது என்று அடுத்த கேள்வி வரும். அவளும் எழுந்து போய்விடுவாள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைத்தேன். மழையைப் பற்றிக் கேட்பவர் இத்தனை தடவை அழுத்துவாரா என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில்தான் நினைத்தேன்.

இன்னொரு வரி. நீண்ட இடைவெளி. இன்னொரு வரி.

சொன்னேனே, ஒரு தடவை அழுத்தினால் ஒரு வரி. ஒவ்வொரு வரியும் ஒரு விரல். அந்த இடைவெளிகள் பெரிதாகிக்கொண்டு போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லாகைப் படிப்பதில் நான் தவறியதே இல்லை.

அதற்குப் பிறகு வரி வரவில்லை.

டீ ஆறியிருந்தது. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"என்ன பண்ணீங்க?"

"ஒரு சின்ன விஷயம். சரியாயிடுச்சு."

"உங்க கை பட்டா சரியாயிடும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி அவள் கையெழுத்துப் போட்டாள். அவள் மேலே போன பிறகு பழைய காவல்காரனை எடுத்துவிட்டுப் புதியதைத் திரும்ப வைத்தேன். அந்த வேலையைச் சுத்தமாகவே செய்தேன். சாயங்காலம் மேனேஜர் லாஜிக் சாரை வேலையைவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். அவர் போகும்போது என் அறைக் கதவருகே ஒரு நிமிடம் நின்றார்.

ஆக, காரணம் இதுதான். விலாசம் நீளமாக இருந்தது, அதற்கான இடம் சின்னதாக இருந்தது, அந்தச் சின்ன இடத்தைத் தெரிந்தே திரும்பக் கொண்டுவந்தவன் நான். கடைசி வரியில் இருந்த வீட்டைத் தெரிந்தே சொல்லாமல் இருந்தவனும் நான். லாஜிக் சார் திருத்திக் கொடுத்த புரோகிராமில் குறை இல்லை. 'காரணம் தெரியவில்லை' என்ற வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

மறுநாள் காலை, எல்லா வீட்டுக்கும் வழக்கமாகச் செய்யும் நலம் விசாரிக்கும் அழைப்புக்கு மழைத் தாத்தா பதில் சொல்லவில்லை. ஆள் அனுப்பினார்கள். விலாசத்தில் சொல்லியிருந்தபடியே எதிர்வீட்டு அம்மாவிடம் சாவி இருந்தது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தாராம், பெட்டி கைக்குள் இருந்ததாம். செய்தி கேட்டதும், ஷிஃப்ட்டுக்கு முன்பே, அக்கா என் அறைக்கு இறங்கி வந்தாள். அன்று எதுவும் விழவில்லை. நான் எதையும் தள்ளவில்லை. அவளாகவே வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மதியம் வரை அழுதாள்.